ஓடுங்கள் தம்பி, மகனின் படம் மட்டும் வேண்டாம்

வாசகர் கேள்வி:

எனக்கு வயது 43. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. குடியிருப்பது ஜெலுத்தோங். என் மகனுக்கு ஆறு வயதில் லுக்கேமியா, அதாவது ரத்தப் புற்றுநோய் என்று சொன்னார்கள். அரசாங்க மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் இரண்டரை வருடம் சிகிச்சை நடந்தது. இப்போது ஒன்பது வயது. மறுபடியும் பள்ளிச் சீருடை போட்டுக்கொண்டு போகிறான். அந்த வார்டுக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. டிசம்பரில் பினாங்குப் பாலத்தில் நடக்கும் ஓட்டத்தில் 21 கிலோமீட்டர் ஓடி, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தெரிந்தவர்களிடம் கேட்டு, 20,000 வெள்ளி சேர்த்துக் கொடுக்க நினைக்கிறேன். மொட்டைத் தலையோடு மகன் கட்டிலில் படுத்திருந்த படத்தை முகநூலில் போட்டால் பணம் தன்னால் வரும் என்கிறார்கள் நண்பர்கள். மனைவி கூடவே கூடாது என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அண்ணனோ, அரசாங்க ஆஸ்பத்திரிக்கு எதற்குப் பணம், கோயிலுக்குக் கொடு என்கிறார். பணத்தை வார்டு சிஸ்டர் கையில் கொடுத்தால் போதுமா? எனக்கு இனிப்பு நீர் உண்டு, மாத்திரையில்தான் இருக்கிறேன். ஓடலாமா? ஓட்டம் முடியும் இடத்துக்கு மகனை அழைத்து வரலாமா?

பெயர் வெளியிட விரும்பாத தந்தை, பினாங்கு

பதில்:

அன்புத் தம்பிக்கு,

மகன் மறுபடியும் சீருடை போட்டுக்கொண்டு போகிறான் என்ற வரியைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அந்த இரண்டரை வருடத்தை உங்கள் குடும்பம் எப்படிக் கடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அரசாங்க மருத்துவமனைகளில் மருத்துவ சமூகப் பணி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நன்கொடை கொண்டு வருபவர்களும், அது போய்ச் சேர வேண்டிய குடும்பங்களும் என் ஒரே மேசைக்கு முன்னால்தான் வந்து உட்கார்ந்தார்கள். அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன்: ஓடுங்கள், பணமும் சேருங்கள். மகனின் படத்தை மட்டும் போடாதீர்கள். உங்கள் மனைவி சொல்வதுதான் சரி.

படத்தைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். நீங்கள் கேட்டிருக்கும் மற்ற விஷயங்களில் ஏதாவது பிசகினால் சரிசெய்துகொள்ளலாம். படம் ஒரு தடவை புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஏறிவிட்டால் அதைத் திரும்ப வாங்க யாராலும் முடியாது. நீங்கள் எழுதிய நாலு வரியும் வங்கிக் கணக்கு எண்ணும் வழியிலேயே கழன்றுவிடும். பிள்ளையின் முகம் மட்டும் குழுவுக்குக் குழு சுற்றிக்கொண்டிருக்கும். நோயாளிப் பிள்ளைகளின் படத்தை எடுத்து, தங்கள் கணக்கு எண்ணைப் போட்டு வசூல் செய்யும் ஏமாற்றுக்காரர்கள் இருக்கிறார்கள். பிள்ளை குணமாகிப் பல வருடம் ஆன பிறகும் 'இந்தச் சிறுவனைக் காப்பாற்றுங்கள்' என்று அந்தப் படம் வந்துகொண்டே இருக்கும். வார்டுக்குள் எடுத்த படம் என்றால் இன்னொன்றும் உண்டு. பின்னால் அடுத்த கட்டில் தெரியும், அதில் இன்னொருவர் பெற்ற பிள்ளை படுத்திருக்கும்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது உங்கள் மகனின் பதினைந்தாவது வயது. சிறு வயதில் சிகிச்சை பெற்ற ஒரு பெண் வளர்ந்த பிறகு என்னிடம் வந்து பேசினாள். அவள் வீட்டில் நல்ல எண்ணத்தோடுதான் ஒரு நன்கொடை வேண்டுகோளுக்குப் படம் கொடுத்திருந்தார்கள். இடைநிலைப் பள்ளியில் வகுப்புப் பிள்ளைகள் அதைத் தேடி எடுத்துவிட்டார்கள். யாரும் கேலி செய்யவில்லையாம். எல்லோரும் அவளிடம் திடீரென்று மெதுவாகப் பேச ஆரம்பித்தார்களாம். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நோய் முடிந்த பிறகு ஒரு பிள்ளைக்கு வேண்டியது மற்ற பிள்ளைகளைப் போல இருப்பது. தன் நோயை யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்ற முடிவு அவனுடைய கையில் இருக்கட்டும்.

'மகனைக் கேட்டேன், சரி என்றான்' என்று நீங்கள் சொல்லலாம். ஒன்பது வயதுப் பிள்ளை அப்பா ஆசையோடு கேட்டால் வேறு என்ன சொல்வான்? தன்னால்தான் அப்பா அம்மா இவ்வளவு கஷ்டப்பட்டார்கள் என்று இந்தப் பிள்ளைகள் மனசுக்குள் வைத்திருப்பார்கள். வெளியே சொல்ல மாட்டார்கள். அப்படிப்பட்ட பிள்ளையின் 'சரி'யை அனுமதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

படம் இல்லாமல் பணம் சேருமா? சேரும். உங்களுக்குக் கொடுக்கப் போகிறவர்கள் உங்களைத் தெரிந்தவர்கள்: ஒரே ஷிப்டில் வேலை செய்பவர்கள், தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருப்பவர்கள், கோயில் நிர்வாகத்தில் உடன் ஓடியாடி வேலை செய்தவர்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர் பந்தல் போடும்போது நம் ஆட்கள் எப்படிக் கொடுக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். யாரும் படம் பார்த்துக் கொடுப்பதில்லை. கேட்கிற ஆளைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். கர்பால் சிங் டிரைவில் விடியற்காலையில் வேர்த்து விறுவிறுத்து நிற்கும் உங்கள் படத்தைப் போடுங்கள். 'என் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட வார்டுக்காக ஓடுகிறேன்' என்று ஒரு வரி எழுதுங்கள். மகனின் பெயர், பள்ளி, நோயின் பெயர் எதுவும் வேண்டாம். அந்த ஒரு வரி போதும்.

அடுத்து, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்கிற கணக்கு. பலரும் இப்படிச் செய்கிறார்கள், கேட்கவும் நன்றாக இருக்கிறது. உங்கள் விஷயத்தில் எனக்கு இதில் சம்மதம் இல்லை. பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேலே. நடுவில் கப்பல் போக உயர்த்திக் கட்டிய ஏற்றம் வேறு. அங்கே தலை சுற்றுகிறது, நெஞ்சை அடைக்கிறது என்றால் உடனே நிற்க வேண்டும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வார்டுக்குப் பணம் கட்டியிருந்தால் நிற்பீர்களா? நிற்க மாட்டீர்கள், பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவீர்கள். அதோடு, 'உனக்காகத்தான் அப்பா ஓடுகிறேன்' என்று மகனிடம் சொல்லியிருந்தால், நீங்கள் பாதியில் நின்றால் அந்தத் தோல்வியும் அவன் தலையில் போய் உட்காரும்.

டெர்ரி ஃபாக்ஸ் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் நினைவாக நடக்கும் ஓட்டம் கோலாலம்பூரிலும் நடந்திருக்கிறது. எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்த கனடா இளைஞர் அவர். 1980 ஏப்ரலில் செயற்கைக் காலோடு, புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஓடப் புறப்பட்டார். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடிய பிறகு நோய் நுரையீரலுக்குப் பரவியது தெரிந்து, செப்டம்பர் 1ஆம் தேதி நிறுத்திக்கொண்டார். மறு கரையைத் தொடவே இல்லை. அப்படியும் அடுத்த பிப்ரவரிக்குள் 2 கோடியே 40 லட்சம் கனடா டாலருக்கு மேல் சேர்ந்துவிட்டது. கொடுத்தவர்கள் தூரத்தை அளந்து கொடுக்கவில்லை. தம்பி, இன்னொன்றையும் பாருங்கள்: புறப்படும்போது அவருக்கு வயது 21. தன் உடம்பையும் தன் நோயையும் ஊருக்குக் காட்டுவது என்று முடிவெடுத்தது அவரே. உங்கள் மகனும் வளர்ந்த பிறகு அப்படி முடிவெடுத்தால், அப்போது கூட நின்று கை கொடுங்கள்.

ஆகவே, 'நான் ஓடி முடித்தாலும் முடிக்காவிட்டாலும் இந்தப் பணம் போய்ச் சேரும்' என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள். முடிந்தால் பணம் எல்லாம் ஓட்டத்துக்கு முன்பே வந்து சேரட்டும்.

இனி அண்ணன் கேட்ட கேள்வி. அரசாங்க மருத்துவமனையில் குடிமக்களுக்கு வெளிநோயாளிப் பிரிவில் 1 வெள்ளி, நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. டாக்டர், தாதியர், மருந்து, கட்டில் எல்லாம் பெரும்பாலும் அரசாங்கச் செலவு. அண்ணன் சொல்வது அந்த அளவில் நியாயம்தான். பணம் கரைவது கட்டிலுக்கு வெளியே. பினாங்கு மருத்துவமனைக்குக் கெடாவின் பாலிங்கிலிருந்தும் வருகிறார்கள், பெர்லிஸிலிருந்தும் வருகிறார்கள்; வட மாநிலங்களின் பிள்ளைகளுக்குப் புற்றுநோய் சிகிச்சை இங்கேதான். அம்மா வேலையை விட்டுவிட்டு வார்டில் இருப்பார். அப்பா நாள் கூலி என்றால், வந்து பார்க்கும் ஒவ்வொரு நாளும் சம்பளம் போகும். வீட்டில் மற்ற பிள்ளைகள் பாட்டியிடம்.

கீமோ கொடுத்த பிறகு ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இறங்கிவிடும் நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த நேரத்தில் உடம்புச் சூடு 38 பாகையைத் தொட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். கிருமி ரத்தத்தில் பரவினால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. ஜெலுத்தோங்கிலிருந்து நீங்கள் நிமிடத்தில் வந்திருப்பீர்கள். பாலிங்கில் சொந்தக் கார் இல்லாத வீட்டில், இரவு இரண்டு மணிக்கு, தெர்மாமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அம்மா என்ன செய்வார்? இவர்களுக்கு மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அறை என்பதும் மருந்தோடு சேர்ந்ததுதான். 1966இலிருந்து இயங்கிவரும் தேசியப் புற்றுநோய்ச் சங்கம் கோலாலம்பூரில் வெளியூர்ப் பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் நடத்துவது இதற்காகத்தான். அண்ணனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கோயிலுக்குக் கொடுக்கும் மனசு உள்ளவருக்கு இது புரியாமல் போகாது.

சரி, வார்டுக்கு என்ன வேண்டும்? கொடுப்பவர்கள் முதலில் நினைப்பது கருவி. சொட்டு மருந்து ஏற்றும் பம்ப் ஒன்று வாங்கிக் கொடுக்கலாமா என்று வருவார்கள். மருத்துவக் கருவிகள் 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றவையாக இருக்க வேண்டும். மருத்துவமனை அதைத் தன் சொத்துக் கணக்கில் ஏற்றிப் பராமரிக்க வேண்டும், குறித்த காலத்தில் அளவு சரிபார்க்க வேண்டும். அவர்கள் வைத்திருக்கும் வகைக்குச் சேராத பம்ப் என்றால் அதற்கான குழாய்கூடக் கிடைக்காது. உறை பிரிக்காமல் ஸ்டோரில் கிடக்கும். அடுத்து வருவது பொம்மை. அதிலும் பஞ்சு பொம்மைகளைச் சுத்தம் செய்வது கஷ்டம், எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அவற்றை வைக்கத் தாதியர் தயங்குவார்கள்.

உங்கள் மனைவியைக் கேளுங்கள் தம்பி. கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் எத்தனை இரவு கழுத்தைச் சாய்த்துத் தூங்கினார், பம்ப் சத்தம் போடும்போதெல்லாம் எப்படி எழுந்தார், குளிக்கப் போக யாரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார், பகல் சாப்பாட்டுக்கு என்ன செய்தார் என்று அவருக்குத் தெரியும். அம்மாமார்கள் காலை நீட்டிப் படுக்கிற மாதிரியான மடக்கு நாற்காலிகள், துடைத்துச் சுத்தம் செய்யக்கூடிய விளையாட்டுச் சாமான்கள், பயணச் செலவு, விசேஷப் பால் மாவு என்று அவரே ஒரு பட்டியல் போட்டுவிடுவார். தமிழ்க் கதைப் புத்தகங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பேன். மருத்துவமனைக்குள்ளேயே பள்ளி நடத்தும் திட்டத்தைக் கல்வி அமைச்சு 2011இல் தொடங்கியது. ஆனாலும் படுக்கையை விட்டு இறங்க முடியாத நாட்களில் பிள்ளைக்குக் கையில் பிடித்துப் படிக்க ஏதாவது வேண்டும்.

அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு மருத்துவமனையின் மருத்துவ சமூகப் பணிப் பிரிவுக்குப் போங்கள். 'ஜபாத்தான் கெர்ஜா சோசியல் பெருபாத்தான்' என்று கேட்டால் காட்டுவார்கள். எந்தக் குடும்பத்துக்கு என்ன தேவை என்று வருமானம் விசாரித்து எழுதி வைத்திருப்பவர்கள் அவர்கள். எது இப்போது அவசரம் என்று அவர்கள் சொல்லட்டும். நீங்கள் விரும்புவதும் அவர்கள் கேட்பதும் வேறாக இருந்தால், அவர்கள் கேட்பதையே கொடுங்கள்.

வார்டு சிஸ்டர் கையில் பணம் கொடுக்கவே கூடாது. அவரைத் தர்மசங்கடத்தில் மாட்டிவிடுவீர்கள். அரசு ஊழியர் அப்படி வாங்க முடியாது. மருத்துவமனை இயக்குநருக்குக் கடிதம் எழுதி, அவர் ஒப்புதலோடுதான் எதுவும் உள்ளே போக வேண்டும். பணமாகக் கொடுப்பதென்றால், அந்த மருத்துவமனையின் பிள்ளைகளுக்கு உதவும், வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அறநிறுவனம் ஏதாவது இருக்கிறதா என்று மருத்துவ சமூகப் பணிப் பிரிவிலேயே கேளுங்கள். வருமான வரி வாரியத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடி நீங்களும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதன் கணக்குக்கு நன்கொடையாளர்கள் நேரடியாகவே அனுப்பட்டும். அவர்களுக்கு ரசீது வரும். மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை வரிக் கழிவும் கேட்கலாம். உங்கள் மேலாளர் மாதிரி கொஞ்சம் பெரிய தொகை தரக்கூடியவர்களுக்கு இது முக்கியம்.

உங்கள் சொந்த வங்கிக் கணக்கில் ஒரு வெள்ளிகூட வாங்காதீர்கள். உங்கள் நாணயத்தை நான் சந்தேகிக்கவில்லை. வீட்டுச் செலவும் நன்கொடையும் ஒரே கணக்கில் கலந்தால், மூன்றாம் மாதம் யாராவது கணக்குக் கேட்கும்போது நீங்களே குழம்பிப்போவீர்கள். ஓட்டத்துக்கான பதிவுக் கட்டணம், காலணி எல்லாம் உங்கள் கைக்காசு. அதையும் அறிவிப்பில் சொல்லிவிடுங்கள். உண்டியல் வைத்துக்கொண்டு லிட்டில் இந்தியாவில் நிற்பதோ வீடு வீடாகப் போவதோ வேண்டாம். தெருவிலும் வீடுகளிலும் வசூல் செய்ய 1947ஆம் ஆண்டிலிருந்து தனிச் சட்டம் இருக்கிறது, போலீஸ் அனுமதி வேண்டும். மருத்துவமனையின் பெயரையோ சின்னத்தையோ டீ-சட்டையில் அச்சடிப்பதற்கும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

உடம்பைப் பற்றி நான் விரிவாகச் சொல்லக் கூடாது, அது டாக்டரின் வேலை. இரண்டு மூன்று விஷயம் மட்டும். இந்த வாரமே கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில்) பார்த்து, 21 கிலோமீட்டர் ஓடப் போகிறேன் என்று சொல்லுங்கள். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் என்றால் ஓடும்போது சர்க்கரை திடீரென்று இறங்குவது அரிது. கிளிக்லஸைட் போன்ற மாத்திரை இருந்தால் இறங்கலாம், அதற்கு என்ன செய்வது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம், இருதயம், பாத உணர்ச்சி மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இனிப்பு நீர் உள்ளவர்களுக்குக் காலில் கொப்புளம் வந்தாலே தெரியாமல் போகும். பயிற்சியில் சட்டைப் பையில் குளுக்கோஸ் மிட்டாய் இருக்கட்டும். புகைமூட்ட நாட்களில் காற்று மாசுக் குறியீடு 100ஐத் தாண்டினால் அன்றைக்கு ஓட்டம் இல்லை. இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் ஓடப் போகாதீர்கள். டிசம்பருக்குள் உடம்பு தயாராகவில்லை என்றால் 10 கிலோமீட்டர் ஓடுங்கள். வார்டுக்குப் போகும் பணம் குறையாது.

ஒன்று கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிகிச்சை நடந்த வருடங்களில் அம்மா வார்டில், அப்பா வேலையில் என்று குடும்பம் இரண்டாகப் பிரிந்துதான் இருந்திருக்கும். வேறு வழியில்லை, நீங்கள் சம்பாதித்ததால்தான் அவர் அங்கே இருக்க முடிந்தது. எல்லாம் முடிந்த பிறகு பல அப்பாக்களுக்குக் கை துறுதுறுக்கும். அப்போது செய்ய முடியாமல் போனதை இப்போது செய்துவிட வேண்டும் என்று ஓடுவார்கள். அது அன்புதான். ஆனால் வாரத்தில் நான்கு நாள் பயிற்சி, மீதி நாள் வசூல் என்று நீங்கள் மறுபடியும் வீட்டில் இல்லாமல் போனால், மகனுக்கும் மனைவிக்கும் பழைய வருடங்கள்தான் தொடரும். எந்தெந்த நாள் ஓடுவது என்று மனைவியோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். படத்தை விட்டுவிட்டேன் என்று முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் அந்தப் பட்டியலைக் கேளுங்கள்.

மகனைப் பாலத்துக்கு அழைத்து வருவது: ஓட்டம் நள்ளிரவு தாண்டித் தொடங்குகிறது, பெருங்கூட்டம். தொடக்கத்துக்கு வேண்டாம். விடிந்ததும் முடியும் இடத்துக்கு அம்மாவோடு வரலாம், அவனைப் பார்க்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. அவனுக்கு வர விருப்பம் இருந்தால் மட்டும். மேடையில் ஏற்றி ஒலிபெருக்கியில் பேசவைக்க யாராவது வந்தால் நீங்களே மறுத்துவிடுங்கள்.

டிசம்பருக்கு மாதங்கள் இருக்கின்றன என்று கடிதத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அரசாங்க அலுவலகத்தில் பதில் வர நாள் ஆகும், பதில் கையில் கிடைக்கும் வரை யாரிடமும் பணம் கேட்கக் கூடாது. இயக்குநருக்கு ஒரு பக்கம் போதும்: நீங்கள் யார், எந்த ஓட்டம், எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள், பணமாகவா பொருளாகவா, எந்த அறநிறுவனம் வழியாக, நகல் மருத்துவ சமூகப் பணிப் பிரிவுக்கு. மலாய் மொழியில் எழுதுங்கள். 20,000 என்பதை இலக்கு என்று போடுங்கள், வாக்குறுதி என்று போடாதீர்கள்.